இரண்டாவது சாவி யாரிடம்?

வேலைக்காக ஊரைவிட்டுப் போயிருக்கும் நம் சபைப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர், ஓசூர், துபாய் என்று பல ஊர்களில் விடுதியிலும் வாடகை அறையிலும் இருந்து வேலைக்குப் போய்வரும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். தனித்தனியே எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒருவனுக்கு மட்டும் எழுதினால், 'அண்ணாச்சி என்னத்தைக் கேள்விப்பட்டாரோ' என்று அவன் பயந்துவிடுவான்.

லெந்து காலத்து முதல் ஞாயிறன்று, இயேசு வனாந்தரத்தில் சோதிக்கப்பட்ட பகுதியைக் கோயிலில் வாசித்தார்கள். பிரசங்கமும் நன்றாகத்தான் இருந்தது. வசனத்தைப் பிடித்துக்கொள், ஜெபத்தை விடாதே, சோதனைக்காரனை எதிர்த்து நில். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். யாரை மனதில் வைத்து ஐயர் அதைத் தயாரித்தாரோ அந்த நீங்கள் அந்த நேரத்தில் எங்கெங்கோ தூங்கிக்கொண்டிருந்தீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்களும் உண்டென்று தெரியும். அறுபதைத் தாண்டியவர்களுக்குச் சோதனை கிடையாது என்றும் நான் சொல்லவில்லை. எங்களுடையது வேறு ரகம். சேகரக் கமிட்டித் தேர்தல் சமயத்தில் வந்து பாருங்கள்.

நான் பிரசங்கியார் இல்லை. வாழ்நாளின் பெரும்பகுதி வங்கியில் போனது. சோதனையைப் பற்றிப் பிரசங்க பீடத்தில் கேட்காத ஒன்றை அங்கே கற்றுக்கொண்டேன். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வங்கிக் கிளையில் பணம் வைக்கிற பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று கேஷியரிடம், மற்றொன்று அதிகாரியிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஜாயிண்ட் கஸ்டடி என்போம். காலையில் இருவரும் சேர்ந்து திறக்க வேண்டும், மாலையில் இருவரும் எண்ணிப் பார்த்துச் சேர்ந்து பூட்ட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் மாதம் இது கொஞ்சம் உறுத்தும். நம்மை நம்பவில்லையே என்று தோன்றும். போகப் போகத் தெரியும், அந்த இரண்டாவது சாவி திருடனுக்காகச் செய்ததில்லை, யோக்கியனுக்காகச் செய்தது. இன்னொரு விதியும் உண்டு. முக்கியமான பொறுப்பில் இருப்பவரை ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து பத்து வேலை நாளாவது விடுப்பில் அனுப்பிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021இல் வங்கிகளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறது. அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தால், மறைந்திருப்பது ஏதாவது இருந்தால் தானே மேலே வரும். இதில் யாரும் யாரையும் அவமானப்படுத்தவில்லை. நல்ல மனிதனும் விழக்கூடும் என்று நிறுவனம் முன்னதாகவே ஒத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சபையில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர். ஒரு பையன் நன்றாக ஜெபித்தால், ஒரு பெண் ஓய்வுநாள் பள்ளியில் ஒழுங்காகப் பாடம் எடுத்தால், 'அவங்களைப் பத்திக் கவலையே இல்லை' என்று சொல்லிவிட்டு இரண்டு சாவியையும் அந்தக் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஒருவர் இருந்தார். பேரும் ஊரும் வேண்டாம். வேறொரு சபையைச் சேர்ந்தவர். கண்ணை மூடி ஜெபிக்காமல் டிபன் பாக்ஸைத் திறக்கமாட்டார். வருஷக்கணக்காக யாரும் தொடாமல் கிடந்த ஒரு சேமிப்புக் கணக்கிலிருந்து அவர் பணம் எடுத்திருந்தார். முதல் தடவை எடுத்ததைத் திருப்பியும் வைத்துவிட்டார். அதுதான் அவரைக் கெடுத்தது, திருப்பி வைக்க முடியும் என்ற தைரியம் வந்துவிட்டது. சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியோ, 'அவரா? அவர் கொடுத்தால் பார்க்க வேண்டியதே இல்லை' என்று பார்க்காமலே போட்டிருந்தார். கணக்குக்காரரின் மகன் பாஸ்புத்தகத்தோடு வந்து நின்ற அன்று எல்லாம் வெளியே வந்தது. விசாரித்ததில், தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய வட்டிக் கடன். எங்களை அதிர வைத்தது தொகை இல்லை. அந்தத் தொகை பணியாளர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் விண்ணப்பித்திருந்தால் கிடைக்கக்கூடியதுதான். ஆனால் அதற்கு உடன் வேலை பார்க்கிற இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டால், கழுத்தளவு கடன் என்று அந்த இரண்டு பேருக்குத் தெரிந்துவிடும். அந்த வெட்கத்துக்குப் பயந்து அவர் வேலையையே இழந்தார்.

டொனால்டு கிரெஸ்ஸி என்ற அமெரிக்கக் குற்றவியல் அறிஞர், நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடிச் சிறைக்குப் போனவர்களைச் சந்தித்துப் பேசி 1953இல் ஒரு புத்தகம் எழுதினார். திருடும் எண்ணத்தோடே வேலைக்குச் சேர்ந்தவர்களை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. நல்லெண்ணத்தோடு பொறுப்பேற்றுப் பிறகு விழுந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார். அவர்களிடத்தில் அவர் முதலாவதாகக் கண்டது வெறும் பணமுடை இல்லை, யாரிடமும் சொல்ல முடியாது என்று அவர்கள் நினைத்த பணமுடை. அதோடு வாய்ப்பும் சேர்ந்து, 'திருடவில்லை, கைமாற்றாக எடுக்கிறேன்' என்று மனசுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தையும் கிடைத்துவிட்டால் மனிதன் விழுகிறான். வங்கிப் பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு யாக்கோபு நிருபம்தான் நினைவுக்கு வந்தது. முதல் அதிகாரத்தில், அவனவன் தன் சொந்த ஆசையாலேயே இழுக்கப்படுவதைச் சொல்கிற யாக்கோபு, ஐந்தாம் அதிகாரத்தில் ஒருவருக்கொருவர் குற்றத்தைச் சொல்லி ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொல்கிறார். முதல் அதிகாரத்தில் நோய், ஐந்தாம் அதிகாரத்தில் மருந்து. நடுவில் நாம் புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

ஆவியானவர் போதாதா, மனிதன் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அந்தக் கேள்வியை எஸ்றாவிடம் கேளுங்கள். பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் போகும் வழிக்குக் காவலாக ராஜாவிடம் சேவகரைக் கேட்க அவருக்கு வெட்கம். தேவன் பார்த்துக்கொள்வார் என்று முன்பே ராஜாவிடம் சொல்லியாயிற்றே! ஆகவே அகாவா நதியோரத்தில் உபவாசம் இருந்து புறப்பட்டார். அத்தனை விசுவாசம். அதே எஸ்றா, அதே நதியோரத்தில், 650 தாலந்து வெள்ளியையும் 100 தாலந்து பொன்னையும் ஆசாரியர் பன்னிரண்டு பேர் கையில் நிறுத்துக் கொடுத்தார். எருசலேமுக்குப் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் நான்கு பேர் முன்னிலையில் மறுபடியும் நிறுத்து வாங்கி, எடையை எழுதிவைத்தார்கள். வழியில் வரும் கள்ளனுக்கு உபவாசம், தன் ஆட்களுக்குத் தராசு. பவுலும் அப்படித்தான். எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த காணிக்கையைத் தீத்துவை மட்டும் நம்பி அனுப்பவில்லை, கூட இரண்டு சகோதரரை அனுப்புகிறார். இவ்வளவு பணத்தில் யாரும் எங்களைக் குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று காரணத்தையும் கொரிந்தியருக்கு எழுதுகிறார். தீத்துவுக்கு வருத்தம் வந்ததாகத் தெரியவில்லை.

பணத்தைப் பற்றியே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பணம் எண்ணிப் பார்க்கக்கூடியது, அதனால் உதாரணத்துக்கு வசதி. எண்ண முடியாததற்கு வருகிறேன்.

ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன் எவாகிரியுஸ் என்று ஒருவர் இருந்தார். கான்ஸ்டான்டிநோபிளில் டீக்கன். 381இல் அங்கே திருச்சபையின் பொதுச்சங்கம் கூடிய காலத்தில், துர்உபதேசக்காரர்களோடு வாதாடி ஜெயிப்பதில் பேர்பெற்றவர். உயர்ந்த பதவியிலிருந்த ஒருவருடைய மனைவிமேல் அவருக்கு மனம் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான். ஜெபித்தார், போராடினார். ஒரு நாள் தான் கைதாகி விலங்கோடு நிற்பதுபோல் கனவு கண்டு, மூட்டை கட்டிக் கப்பலேறி எருசலேமுக்கு ஓடிவிட்டார். ஓடியது சரிதான். யோசேப்பைப் போல ஓடு என்றுதான் நாமும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. எருசலேமில் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மறுபடியும் நல்ல உடை, நல்ல பேச்சு, மிடுக்கு. பிறகு காய்ச்சல் வந்து படுத்தார். ஆறு மாதம் ஆயிற்று, வைத்தியர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒலிவமலையில் மடம் வைத்திருந்த மெலானியா என்ற ரோமைப் பெண்மணிதான், இது சாதாரணக் காய்ச்சல் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று நேராகவே கேட்டார். எவாகிரியுஸ் எல்லாவற்றையும் சொன்னார். சில நாளில் எழுந்தார். எகிப்தின் பாலைவனத்துக்குப் போய்த் துறவியாகி, 399இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். இதை எழுதி வைத்தவர் அவருடைய சீடர் பல்லாதியுஸ்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மெலானியா. அந்த அம்மாள் அதிர்ச்சியடையவில்லை, உபதேசம் பண்ணவில்லை, நாலு பேரைக் கூப்பிட்டுக் கைவைத்து ஜெபிக்கவும் இல்லை. கேட்டார். பிறகு ஒரு வழி சொன்னார்.

மனிதனை ஆட்டிப்படைக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்து எழுதியவர் அந்த எவாகிரியுஸ்தான். பிற்காலத்தில் திருச்சபை சொன்ன ஏழு தலையான பாவங்களுக்கு மூலம் அந்தப் பட்டியல். போஜனப்பிரியம், இச்சை, பொருளாசை, துயரம், கோபம், சலிப்பு, வீண்பெருமை, அகந்தை. இந்த எட்டில் சலிப்பைப் பற்றி அவர் எழுதியிருப்பது ஏதோ விடுதி அறையில் உட்கார்ந்து எழுதியதுபோல இருக்கும். காலை பத்து மணி தொடங்கி இரண்டு மணி வரைக்கும் அது வரும் என்கிறார். சூரியன் நகரவே மாட்டேன் என்னும். ஜன்னலையே பார்க்கத் தோன்றும். இருக்கிற இடம் பிடிக்காது, செய்கிற வேலை பிடிக்காது. இங்கே யாருக்கும் நம்மேல் அன்பில்லை, ஆறுதல் சொல்ல ஆளில்லை என்று தோன்றும். மற்றச் சோதனைகளுக்குக் கதவைத் திறந்துவிடுவது பெரும்பாலும் இந்தச் சலிப்புதான் என்பது என் எண்ணம். ஆபாசப் படம் பார்க்கிறவனுக்குப் பல நேரங்களில் இச்சைகூட இல்லை, சலிப்புதான். (பார்க்கிறவளும் உண்டு. நம் சபைக்கு அது தெரியாது, அதனால் அந்தப் பிள்ளைக்குப் பேச இடமே இல்லை.)

உங்களுடைய நேரம் நண்பகல் இல்லை, நள்ளிரவு. இதை அரசாங்கமே கண்டுபிடித்துவிட்டது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட அனுமதிக்கக்கூடாது என்று 2025இல் தமிழ்நாட்டில் விதி வந்தது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன, உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் அப்படிப்பட்ட விளையாட்டுகளையே தடை செய்து மத்தியச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்ததால் ரம்மி ஒழிந்துவிட்டது என்று நம்புகிறவன் இல்லை நான். ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தைக் குறித்தவர்களுக்கு மனிதனைத் தெரியும். நாம் ஐந்து மணிக்கு எழுந்து ஜெபிப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம், பன்னிரண்டு மணிக்குப் போனை எங்கே வைப்பது என்று பேசுவதில்லை. கன்வென்ஷன் பந்தலில் கண்ணை மூடிக் கையைத் தூக்கிச் செய்த தீர்மானத்தைவிட, போனை அறைக்கு வெளியே சார்ஜில் போடுவது சில இரவுகளில் அதிகம் உதவும். யோசேப்பும் அந்த ஒரு நாள் மட்டும் ஓடவில்லை. எஜமானின் மனைவி நாள்தோறும் கேட்டும் அவளோடு இருக்கவே அவன் சம்மதிக்கவில்லை என்று ஆதியாகமம் 39 சொல்கிறது. ஆபத்து வந்தது வீட்டில் ஒருவரும் இல்லாத அன்று.

பகலுக்கும் தனிச் சோதனைகள் உண்டு. கன்சல்டன்சிக்காரன் நீட்டுகிற போலி அனுபவச் சான்றிதழ், கூட்டிப் போட்ட டாக்சி பில், 'ஒரு கிளாஸ்தானே, டீமோடு சேர மாட்டியா' என்ற வெள்ளிக்கிழமை மாலை. இவற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வேறு யாரும் சொல்லமாட்டார்கள். கல்யாணப் பேச்சு வரும்போது உங்கள் வீட்டு முன்னறையில் காப்பி பிஸ்கட்டோடு ஒரு சோதனை வந்து உட்காரும். எத்தனை பவுன், என்ன கார் என்று கேட்கும். அதைச் சோதனை என்று யாரும் சொல்லமாட்டார்கள், கர்த்தருடைய ஆசீர்வாதம் என்பார்கள். ஐயர் வந்து ஜெபித்தும் கொடுப்பார். மாப்பிள்ளைப் பையன்களே, சினிமாவுக்குப் போகலாமா கூடாதா என்று வாலிபர் கூட்டத்தில் விவாதித்தீர்களே, இதை என்றைக்காவது விவாதித்தீர்களா?

விதி வைத்துக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. 1948இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ என்ற ஊரில் பில்லி கிரகாமும் அவருடைய கூட்டாளிகள் மூவரும் உட்கார்ந்து, ஊழியக்காரர்கள் எதிலெல்லாம் விழுகிறார்கள் என்று யோசித்துத் தங்களுக்குச் சில கட்டுப்பாடுகளை வகுத்தார்கள். பண விஷயத்தில் சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது, மனைவியல்லாத பெண்ணோடு தனித்திருக்கக்கூடாது, உள்ளூர்ச் சபைகளைத் தாக்கிப் பேசக்கூடாது, கூட்டத்தின் எண்ணிக்கையை ஊதிச் சொல்லக்கூடாது. கடைசியானதை நம் ஊர்க் கூட்டங்களின் போஸ்டர் அடிப்பவர்களுக்கும் யாராவது சொல்லலாம். நல்ல விதிகள்தான். ஆனால் இரண்டாவது விதியைக் காப்பியடித்த பலர் பெண்களையே ஆபத்தாக்கிவிட்டார்கள். கூட வேலை பார்க்கிற சகோதரியோடு ஒரு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதே பாவம் என்று ஆயிற்று. நம் வாலிபர் முகாம்களிலும் பெண் பிள்ளைகளுக்கு உடையைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு, பையன்களுக்குப் பாட்டு. கண் இடறினால் கண்ணைப் பிடுங்கச் சொன்னவர் இயேசு. யாரையும் துப்பட்டாவைச் சரிசெய்யச் சொல்லவில்லை.

1946இல் சென்னையில் பிறந்து, உலகமெங்கும் போய் விசுவாசத்துக்காக வாதாடிய ரவி சகரியாஸை உங்களில் பலர் யூடியூபில் கேட்டிருப்பீர்கள். நானும் விரும்பிக் கேட்டவன். பெண்களோடு தனித்திருப்பதில்லை என்ற விதி தமக்கும் உண்டு என்று சொன்னவர் அவர். 2017இல் ஒரு பெண் புகார் சொன்னபோது, அவருடைய ஊழிய நிறுவனம் அவர் வார்த்தையை நம்பியது. அவர் 2020 மே மாதம் இறந்தார். 2021 பிப்ரவரியில், அந்த நிறுவனமே அமர்த்திய சட்ட நிறுவனத்தின் அறிக்கை, மசாஜ் சிகிச்சை அளித்த பெண்களிடம் அவர் பாலியல் முறைகேடாக நடந்ததை வெளியே கொண்டுவந்தது. மேடையில் விதி இருந்தது. போனைப் பார்க்கவும், பயணத்தைக் கேட்கவும், 'எங்கே போனீர்கள்' என்று விசாரிக்கவும் துணிந்தவர் அரிது. பார்க்காமல் கையெழுத்துப் போட்ட அந்த அதிகாரியைப் போலத்தான் பலரும் இருந்தார்கள். அந்தப் பெண்கள்தான் விலை கொடுத்தார்கள்.

ஆகவே நான் சொல்லும் இரண்டாவது சாவி விதிப் பட்டியல் இல்லை. கேள்வி கேட்கிற ஓர் ஆள். ஜான் வெஸ்லி 1738 கிறிஸ்துமஸ் நாளில் தம் சிறு குழுக்களுக்கு ஒழுங்கு எழுதியபோது, வாரம் ஒருமுறை கூடி ஒவ்வொருவரிடமும் கேட்கச் சொன்னவை எளிய கேள்விகள். போன வாரத்துக்குப் பிறகு என்ன பாவம் செய்தாய், என்ன சோதனை வந்தது, எப்படித் தப்பினாய் என்கிற மாதிரி. சோதனை வந்ததா என்று கேட்கவில்லை பாருங்கள், என்ன வந்தது என்றுதான் கேட்டார். வருவது நிச்சயம், அதில் குற்றமும் இல்லை. ஒரு கெட்ட எண்ணம் வந்துபோனதற்காக இராப்போஜனத்துக்குப் போகாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நம் ஆண்டவருக்கும் சோதனை வந்தது என்று எபிரெயர் நிருபம் எழுதி வைத்திருப்பது அவர்களுக்காகத்தான்.

ஆண்டவர் வனாந்தரத்தில் தனியாகத்தானே ஜெயித்தார் என்றால், ஆம். ஆனால் அங்கே நாற்பது நாள் யார் இருந்தது? கல்லை அப்பமாக்கச் சொன்னதும், தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தியதும் மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் எப்படித் தெரிந்தது? அவரே சீஷர்களிடம் சொல்லியிருந்தாலொழிய தெரிய வழியில்லை. தமக்கு வந்த சோதனையைத் தம் நண்பர்களுக்குச் சொன்ன ஒருவரை நாம் பின்பற்றுகிறோம். கெத்செமனேயிலோ அவர் தனியாக இருக்கவே விரும்பவில்லை. மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய், துக்கத்தை மறைக்காமல் சொல்லி, தம்மோடு விழித்திருக்கச் சொன்னார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். தூங்கினாலும் மறுபடி மறுபடி வந்து எழுப்பினார்.

நம் சபையில் ஏன் யாரும் யாரிடமும் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். சொன்னால் அது ஜெபக் குறிப்பாகிவிடும். 'இன்ன வீட்டுத் தம்பிக்காக ரொம்பப் பாரத்தோட ஜெபிக்கணும்' என்று புதன்கிழமை ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் நம் பக்கத்து நாசரேத் வரை போய்விடும். இன்னொன்று, சாட்சி சொல்லும் வழக்கம். மேடையில் ஏறி எல்லோரும் சொல்கிற பாவம் இரட்சிக்கப்படுவதற்கு முந்தியது. இரட்சிப்புக்குப் பிந்திய பாவத்துக்கு நம்மிடம் மேடையும் இல்லை, மூலையும் இல்லை. இந்தப் பழி உங்கள்மேல் இல்லை, எங்கள் தலைமுறைமேல்.

ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த ராத்திரியில் விழுந்தவர்கள் இரண்டு பேர். யூதாஸ் தன் பாவத்தைச் சொல்லாமல் இல்லை. முப்பது வெள்ளிக்காசையும் தூக்கிக்கொண்டு தேவாலயத்துக்கே போய், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று சொன்னான். யாரிடம் போய்ச் சொன்னான் என்பதுதான் விஷயம். பிரதான ஆசாரியரும் மூப்பரும், அது உன் பாடு, எங்களுக்கு என்ன என்றுவிட்டார்கள். அதன் பிறகு அவன் தனியாகப் போனான். பேதுரு மறுதலித்தது மூன்று தரம். ஆனால் அவன் திரும்பி மற்றவர்கள் இருந்த வீட்டுக்குப் போனான். அவர்களும் அவனை வெளியே தள்ளவில்லை. கல்லறைக்கு ஓடும்போது பக்கத்தில் ஒருவன் ஓடினான், மீன்பிடிக்கப் போகிறேன் என்றபோது ஆறு பேர் நாங்களும் வருகிறோம் என்றார்கள். யூதாஸிடம் கணக்குக் கேட்க ஆளில்லாத பணப்பை ஒன்று வெகுநாளாக இருந்தது என்பதையும் யோவான் 12இல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் சொல்வது என்பதில் அவசரப்படாதீர்கள். எதைச் சொன்னாலும் அதிர்ந்துபோகிற ஆளிடம் வேண்டாம், எதைச் சொன்னாலும் 'இதெல்லாம் சகஜம் மச்சி' என்று சிரிக்கிற ஆளிடமும் வேண்டாம். உங்கள்மேல் அதிகாரம் உள்ளவரிடம், உங்கள் பலவீனம் தெரிந்தால் அதை வைத்துப் பிழைக்கக்கூடியவரிடம் கண்டிப்பாக வேண்டாம், அவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராயிருந்தாலும். பெண் பிள்ளைகள் பெண்களிடமே சொல்லுங்கள். உங்களுக்குத் தீங்கு செய்தவனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால் அது உங்கள் பாவம் இல்லை, குற்றம். அதைச் சபைக்குள் வைத்துப் பூட்டாமல் போலீசுக்கும் போகலாம். அடிமைத்தனமாகவே ஆகிவிட்ட பழக்கத்துக்கு மருத்துவரைப் பார்ப்பது அவிசுவாசம் இல்லை. மெலானியாவுக்கு முன்னால் எவாகிரியுஸும் வைத்தியரிடம் போயிருக்கிறார்.

பெங்களூரில் மட்டும் நம் சபைப் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறீர்கள், ஒருவருக்கொருவர் நம்பர்கூட இல்லை. முதலில் அதை வாங்குங்கள். பெரிய ஐக்கியம் எதுவும் தொடங்க வேண்டாம், தலைவர் செயலாளர் பொருளாளர் வேண்டவே வேண்டாம், அங்கேதான் எங்கள் வியாதி தொடங்கும். இரண்டு பேர் போதும். வாரத்தில் ஒரு நாள், பேசி முடித்ததும் மறந்துவிடக்கூடிய பாஷையில் இல்லாமல், வெஸ்லியின் கேள்விகளை உங்கள் தமிழில் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் சொல்ல முடியாத வாரத்தில், சொல்ல முடியவில்லை என்றாவது சொல்லுங்கள்.

டிசம்பரில் ஊருக்கு வருவீர்கள். கீதபவனி முடித்து என் வீட்டுப் பக்கம் வந்தால் காப்பி உண்டு. ஆள் யாரும் கிடைக்காதவன் என்னிடமும் பேசலாம். ஜெபக் குறிப்பாக எங்கும் போகாது. வங்கி வேலைக்குச் சேருகிற அன்றே ரகசியம் காப்பேன் என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஓய்வு பெற்ற அன்று அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பேங்க் அண்ணாச்சி
திருநெல்வேலி